புது சைலன்சர் போட்ட பிறகு பிரேக் பெடல், லீவர், கேபிள்களைச் சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

சேலத்தில் வண்டிக்குப் புது சைலன்சர் போட்டவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார் என்று சொல்லவே வேண்டாம். ஏற்காடு ஏறும்போது எந்தத் தொந்தரவும் இருக்காது. இறங்கும்போதுதான் பாதி வழியில் பின்சக்கரத்திலிருந்து கருகல் வாடை கிளம்பும். சிலருக்குப் பெடல் கல்லு மாதிரி இறுகிவிடும், சிலருக்கு மிதித்தாலும் வண்டி நிற்காது. இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: புது பைப்பில் இடிக்கிறது என்று பெடலை மட்டும் ஏற்றி இறக்கிவிட்டு, அதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய மற்ற வேலைகளைச் செய்யாமல் கிளம்பியிருப்பார்கள்.

இந்த வேலையில் வரிசை முக்கியம். முதலில் சைலன்சர், பிறகு ஃபுட்ரெஸ்ட், பிறகு பெடல் உயரம், பிறகு பெடல் பிளே (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் வெறுமனே இறங்கும் தூரம்), பிறகு பிரேக் லைட் சுவிட்ச், அதன் பிறகு கேபிள்கள், கடைசியாக ஸ்லோ (ஆக்சிலேட்டரைத் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகம்). முன்னால் இருப்பதை அசைத்தால் பின்னால் இருப்பது எல்லாம் மாறும். பிளே வைத்துவிட்டுப் பெடல் உயரத்தைத் தொட்டால் பிளே போச்சு. லைட் சுவிட்சை முடித்துவிட்டுப் பிளேயைத் தொட்டால் லைட் போச்சு.

இங்கே சொல்வது வலது பக்கம் சைலன்சரும் பிரேக்கும், இடது பக்கம் கியரும் உள்ள வண்டிகளுக்கு. வலது பக்கம் கியர் உள்ள பழைய புல்லட் வைத்திருப்பவர்கள், பிரேக்குக்குச் சொன்ன இடைவெளிக் கணக்கைக் கியர் லீவருக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. கழற்றுவதற்கு முன்: சட்டமும் பழைய சைலன்சரும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, சத்த அளவை மீறினால் முதல் தடவையே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். 3 மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியும் போகும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் வண்டி உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தனியாக. சோதனை முறைப்படி அளக்கும்போது 80 முதல் 175 சிசி வரையுள்ள பைக்குக்கு 77 டெசிபல், 175 சிசிக்கு மேல் போனால் 80 டெசிபல் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் பல காலமாக இருக்கும் வரம்பு.

ஆகவே டிபி கில்லரை (சைலன்சர் வாயில் சத்தத்தைக் குறைக்கச் செருகியிருக்கும் உள்குழாய்) கழற்றி எறியாதீர்கள். டிபி கில்லரே இல்லாமல் வெறும் குழாயாக விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். அடிவாரத்தில் நிறுத்திக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், விற்ற கடைக்காரர் இல்லை.

கழற்றிய ஒரிஜினல் சைலன்சரை போல்ட், வாஷர், ரப்பரோடு சாக்கில் கட்டிப் பரணில் வையுங்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ், வாரண்டி என்று எப்போது தேவைப்படும் என்று தெரியாது. பாதிப் பேர் அதை அன்றைக்கே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் பிறகு தேடி அலைகிறார்கள்.

2. பக்கத்தில் எடுத்து வைக்க வேண்டியவை

ரிங் ஸ்பேனர் செட், எல்லன் கீ செட், முடிந்தால் டார்க் ரென்ச். ஒரு அடி இரும்பு ஸ்கேல். வைட்னர் பேனா. சுத்தமான துணி, கொஞ்சம் தின்னர். எல்லாவற்றையும் விட முக்கியம், புது கேஸ்கெட்.

பெண்ட் பைப்பும் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வரும் வளைந்த குழாய்) இன்ஜின் ஹெட்டும் சேரும் இடத்தில் இருக்கும் கேஸ்கெட் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். பழையதையே திரும்பப் போட்டால் அந்த வழியாகக் காற்று உள்ளே இழுக்கும். மலை இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விடும்போது பட் பட் என்று வெடிக்கும். பலர் அதைப் புது சைலன்சரின் கெத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது லீக்.

வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்குப் பின்சக்கரத்தைத் தூக்கும் ஸ்டாண்ட் வேண்டும், ஏனென்றால் பின்சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பலமுறை பார்க்க வேண்டியிருக்கும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ஹெட் ஸ்டட்டை (பைப்பை ஹெட்டோடு பிடிக்கும் மரைக்கம்பி) திருப்பினால் மரையோடு கையில் வந்துவிடும்.

3. இப்போது இருக்கும் அளவை எழுதி வையுங்கள்

புதியவர்கள் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான். எல்லாவற்றையும் கழற்றிய பிறகு, முன்னாடி பெடல் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

ஃபுட்ரெஸ்ட் மேல்பரப்பில் இரும்பு ஸ்கேலைப் படுக்க வைத்து முன்னால் நீட்டுங்கள். பெடலின் மிதிபரப்பு ஸ்கேலுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, எத்தனை மி.மீ. என்று குறியுங்கள். அடுத்து பெடலைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். தடை தட்டுப்படும் வரை பெடலின் முனை எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் பிளே. அதையும் எழுதுங்கள். கிளட்ச் லீவர் முனையில் எவ்வளவு ஆட்டம், ஆக்சிலேட்டர் கைப்பிடி எவ்வளவு வெறுமனே திரும்புகிறது என்பதையும் சேர்த்துக் குறித்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு லாக் நட்டிலும் (வைத்த அளவு நகராமல் பிடித்திருக்கும் நட்), அது உட்கார்ந்திருக்கும் இடத்திலும் சேர்ந்தாற்போல வைட்னரால் ஒரு சின்னக் கோடு போடுங்கள். நட் கால் சுற்று திரும்பியிருந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். வலது பக்கத்தைப் போனில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர்களும் கேபிளும் எந்தச் சந்தில் எப்படி நுழைகின்றன என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

4. சைலன்சரை அதன் இடத்தில் முழுசாக இறுக்குங்கள்

அரைகுறையாக மாட்டிவிட்டுப் பெடலைப் பார்ப்பதில் பயனில்லை. இறுக்கும்போது பைப் 5 முதல் 10 மி.மீ. வரை இழுபடுவது சாதாரணம். அந்த இடைவெளியில்தான் உங்கள் பெடல் வேலை செய்யப் போகிறது.

முதலில் எல்லா போல்ட்டுகளையும் கையால் மட்டும் திருப்பி மாட்டுங்கள். பிறகு ஹெட்டில் இருக்கும் நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பைப் சாய்ந்து உட்காரும், கேஸ்கெட் ஒரு பக்கம் மட்டும் நசுங்கும். அடுத்து நடு கிளாம்ப், கடைசியாகப் பின்னால் இருக்கும் தாங்கி போல்ட். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால், பைப்பின் இழுவை முழுவதும் ஹெட் ஸ்டட்டில் போய் விழும். வைப்ரேஷனில் ஸ்டட் முறிவது பெரும்பாலும் இதனால்தான்.

பின் தாங்கி போல்ட் ஓட்டையோடு சேரவில்லை என்றால் நெம்பி இழுத்துப் போடாதீர்கள். இடையில் சரியான தடிமனில் ஒரு ஸ்பேசர் கொடுங்கள். எந்த லேத் பட்டறையிலும் ஐந்து நிமிட வேலை.

பி.எஸ்.6 வண்டி என்றால் பெரும்பாலும் பெண்ட் பைப்பில் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். புது பைப்பில் அதற்கு அதே அளவு மரை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். சென்சாரைக் கழற்றித் தொங்கவிட்டு ஓட்டினால் மீட்டரில் இன்ஜின் விளக்கு எரியும், பெட்ரோல் கணக்கும் தப்பும்.

கடைசியாகத் துணியில் தின்னர் தொட்டுப் பைப்பைத் துடைத்துவிடுங்கள். கைரேகை எண்ணெய் முதல் சூட்டிலேயே உலோகத்தில் கறையாகப் பதிந்துவிடும், பிறகு போகாது.

5. பெடலைத் தொடும் முன் சுற்றிலும் இடைவெளி பாருங்கள்

சென்டர் ஸ்டாண்டை மடக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் ஸ்டாண்ட் மேலே போய் இடித்து நிற்கும் ரப்பர் பழைய சைலன்சரின் அடியில்தான் இருக்கும். அது போய்விட்டால் ஸ்டாண்ட் அளவுக்கு மேல் ஏறி செயினிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ இடிக்கும். குண்டு குழியில் டங் டங் என்று சத்தம் கேட்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். புது சைலன்சரில் ரப்பருக்கு இடம் இல்லாவிட்டால் சேஸிஸில் தனியாக ஒரு தடுப்பு வைத்தே ஆக வேண்டும்.

கிக்கர் இருந்தால் அதை முழுசாகக் கீழே வரை கையால் அழுத்திப் பாருங்கள், பைப்பில் உரசக்கூடாது.

பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து பின் ஷாக்கை நன்றாக அமுக்குங்கள். மூன்றாவது ஆள் கீழே குனிந்து, ஸ்விங் ஆர்ம், பிரேக் ராடு, டயர், இண்டிகேட்டர் எதுவும் சைலன்சரைத் தொடவில்லையே என்று பார்க்க வேண்டும். ஒற்றை ஆளாக நிற்கும்போது இரண்டு விரல் இடைவெளி இருந்தது, மலையில் இரண்டு பேர் போனால் ஒன்றுமே இல்லாமல் போகும். வலது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது தரையில் முதலில் உரசப்போவது எது என்பதும் இப்போதே தெரிந்துவிடும். அது மடங்கும் ஃபுட்ரெஸ்ட்டாக இருக்க வேண்டும். சைலன்சராக இருந்தால் அந்த பைப் உங்கள் வண்டிக்கு ஒத்து வராது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பின்னால் உட்காருபவரின் வலது குதிகால் எங்கே படுகிறது என்றும் பாருங்கள். ஹீட் ஷீல்ட் இல்லாத சைலன்சர் ஒரு ஜோடி செருப்பையாவது உருக்காமல் விடாது.

6. ஃபுட்ரெஸ்ட்

பெரும்பாலும் இதில் வேலை இருக்காது. ஆனால் சில வண்டிகளில் சைலன்சர் தாங்கியும் ஃபுட்ரெஸ்ட் தாங்கியும் ஒரே போல்ட்டில் இருக்கும். அதைக் கழற்றி மாட்டியிருந்தால், ஃபுட்ரெஸ்ட் பழைய கோணத்தில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து இறுக்குங்கள். பெடல் உயரத்தை ஃபுட்ரெஸ்ட்டிலிருந்துதான் அளக்கிறோம். அளவுகோலே ஆடினால் அளந்து என்ன பயன்?

7. பிரேக் பெடல் உயரம்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

வழக்கமாக ஓட்டும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு வண்டியில் உட்காருங்கள். ரப்பர் செருப்பின் அடியும் ரைடிங் ஷூவின் அடியும் ஒன்றல்ல, ஒன்றுக்கு வைத்த உயரம் மற்றதற்குத் தப்பும். வலது காலை ஃபுட்ரெஸ்ட்டில் சாதாரணமாக வையுங்கள். பாதத்தின் முன்பகுதி பெடலுக்கு மேலே, தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். மிதிக்கக் காலைத் தூக்கவும் கூடாது, சும்மா இருக்கும்போது பெடலில் பாரம் விழவும் கூடாது.

தடித்த பைப் போட்டவர்கள் செய்யும் முதல் தவறு, இடிக்கிறதே என்று பெடலை மேலே ஏற்றிவிடுவது. ஏற்றிவிட்டால் கால் தன்னை அறியாமல் பெடல் மேலேயே கிடக்கும். சேலம் டவுனுக்குள் அது தெரியாது. இருபது வளைவு இறங்கும்போது பிரேக் லைனிங் விடாமல் உரசிச் சூடேறி, கடைசியில் தேவைப்படும் நேரத்தில் பிடிக்காது. கருகல் வாடையின் கதை இதுதான்.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறு. உயரத்தைத் தொடாமல் விட்டுவிடுவது. பெடல் கொஞ்சம் இறங்கியதும் பைப்பில் போய் இடித்து நின்றுவிடும். நிறுத்தி வைத்துப் பார்க்கும்போது பிரேக் பிடிக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் டிரம் பிரேக்கில் லைனிங் தேயத் தேய பெடல் இன்னும் கீழே இறங்க வேண்டும். இறங்க இடம் இல்லை என்றால் முழு பிரேக் ஒருநாளும் கிடைக்காது.

அதனால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்: வண்டி நிற்கும்போது, பின்சக்கரம் நன்றாகப் பூட்டும் அளவுக்குப் பெடலை முழு பலத்தோடு மிதித்துப் பிடியுங்கள். அந்த நிலையில் பெடலின் அடிப்பக்கத்துக்கும் பைப்புக்கும் நடுவே வேறொருவரின் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். சூடானால் பைப் விரியும், ஓடும்போது அதிரும், லைனிங்கும் தேயும். இத்தனைக்கும் சேர்த்து அந்த ஒரு விரல். நுழையாவிட்டால் பிரச்சினை சைலன்சர் உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது. 4ஆவது படிக்குத் திரும்பிப் போய் ஸ்பேசரைப் பாருங்கள். பட்டறையில் பெடலைச் சூடுகாட்டி வளைக்கச் சொல்லாதீர்கள். சூடுகாட்டிய இடத்தில் இரும்பின் குணம் மாறிவிடும். அது வளைவதும் முறிவதும் அவசரமாக மிதிக்கும்போதுதான்.

டிரம் பிரேக் வண்டியில் பெடலுக்குக் கீழே அல்லது பின்னால் ஒரு தடுப்பு போல்ட் இருந்தால், லாக் நட்டைத் தளர்த்தி அந்த போல்ட்டில் உயரம் வையுங்கள். பல சின்ன வண்டிகளில் அந்த போல்ட்டே இருக்காது, பெடல் சேஸிஸில் போய் நிற்கும். அதில் உயரம் மாற்ற வழியில்லை, சைலன்சர்தான் ஒதுங்க வேண்டும்.

டிஸ்க் வண்டியில் உயரம் வைப்பது மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) கீழே உள்ள புஷ் ராடில். லாக் நட்டைத் தளர்த்தி ராடை அரைச் சுற்று திருப்புங்கள், பெடல் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பிறகு அரை அரைச் சுற்றாகவே போங்கள். ராடின் மரை, கீழே பிடித்திருக்கும் கவட்டைக்குள் போதுமான அளவு நுழைந்திருக்க வேண்டும். நுனியில் இரண்டு மரை மட்டும் கவ்விக்கொண்டிருந்தால் ஒருநாள் கழன்று விழும். முடித்ததும் லாக் நட்டை மறக்காமல் இறுக்குங்கள்.

8. பெடல் பிளே

உயரம் முடிந்த பிறகுதான் இது. முன்னால் செய்தால் இரண்டாவது முறை செய்ய வேண்டும்.

டிரம் வண்டிகளில் பெடல் முனையில் 20 முதல் 30 மி.மீ. என்பது பரவலாக உள்ள அளவு. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ராடின் நுனியில் உள்ள நட்டைத் திருப்புங்கள். இறுக்கினால் பிளே குறையும், தளர்த்தினால் கூடும். அந்த நட்டின் முகத்தில் ஒரு அரைவட்டப் பள்ளம் இருக்கும், அது பிரேக் ஆர்மின் உருண்டைப் பின்னில் சரியாகப் போய் உட்கார வேண்டும். கையால் ராடை முன்னுக்குத் தள்ளி விட்டால் டக் என்று உட்காருவது விரலில் தெரியும். பள்ளத்தில் உட்காராமல் விளிம்பில் நிற்கும் நட், இரண்டு மேடு பள்ளம் தாண்டியதும் தானாகத் திரும்பி, நீங்கள் வைத்த பிளேயை மாற்றிவிடும்.

இறுக்கிக்கொண்டே போய் ஆர்மில் உள்ள அம்புக்குறி, டிரம் தட்டில் உள்ள எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால் லைனிங் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சரிசெய்வதை நிறுத்திவிட்டு லைனிங் மாற்றுங்கள்.

டிஸ்க் வண்டிகளில் பிளே மிகக் குறைவு, ஆனால் இருந்தே ஆக வேண்டும். பெடலைத் தொட்டதும் முதல் ஓரிரு மி.மீ. ராடு வெறுமனே அசைய வேண்டும். காரணம் இது: பெடலை விட்டதும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முழுசாகத் திரும்பினால்தான், பிரேக் ஆயில் டேங்குக்குப் போகும் சின்னத் துவாரம் திறக்கும். ராடு பிஸ்டனை லேசாக அழுத்திக்கொண்டே இருந்தால் துவாரம் மூடியே கிடக்கும். இறக்கத்தில் பிரேக் ஆயில் சூடாகி விரியும், திரும்பிப் போக வழியில்லாததால் பேடை அழுத்தும். பேடு உரசி இன்னும் சூடாக்கும். கடைசியில் யாரும் மிதிக்காமலே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். முதலில் சொன்ன கல்லு பெடல் இதுதான்.

பிளே வைத்ததும் வண்டியை ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பெடலை மிதித்து விட்டு, மறுபடி சுற்றுங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி சுற்ற வேண்டும். டிஸ்க்கில் பேடு லேசாக உஸ் என்று உரசும் சத்தம் இருக்கலாம், சக்கரம் பிடித்து நிற்கக்கூடாது.

ஒரு குறிப்பு: இந்தச் சாக்கில் செயினையும் இறுக்கப் போகிறீர்கள் என்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள். ஆக்சில் பின்னால் போனால் டிரம் பிரேக் ராடும் இழுபட்டுப் பிளே குறையும்.

9. பிரேக் லைட் சுவிட்ச்

பெடல் உயரமும் பிளேயும் மாறியதால் பின் விளக்கு எரியும் நேரமும் மாறியிருக்கும். பெடலை மிதித்து, பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பே லைட் எரிய வேண்டும். மலையில் உங்களுக்குப் பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும், டிரைவர் பார்ப்பது அந்த விளக்கை மட்டும்தான்.

சுவிட்சின் உடலை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள நட்டை மட்டும் திருப்புங்கள். உடலைத் திருப்பினால் உள்ளே ஒயர் முறுக்கி அறுந்துவிடும். சுவிட்ச் மேலே ஏறினால் லைட் சீக்கிரம் எரியும், இறங்கினால் தாமதமாகும். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தாலும் தவறுதான், பின்னால் வருபவருக்கு நீங்கள் உண்மையில் பிரேக் பிடிப்பது தெரியாது.

இந்த சுவிட்ச் ஒயர் புது பைப்பில் படாமல் போகிறதா என்று 3ஆவது படியில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். பட்டால் உறை உருகி ஷார்ட் ஆகும், ஃபியூஸ் போகும்.

10. கியர் லீவர்

வலது பக்கம் மட்டும் பைப் உள்ள வண்டியில் இதைத் தொடாதீர்கள். இன்டர்செப்டர் 650 மாதிரி இருபுறமும் பைப் உள்ள வண்டிகளில், இடது குதிகாலும் லீவரும் பைப்பை உரசாமல் மேலும் கீழும் முழுசாக அசைகின்றனவா என்று பாருங்கள். இடையில் ராடு உள்ள லீவர் என்றால் இருபுற லாக் நட்டையும் தளர்த்தி ராடைத் திருப்புங்கள். இரண்டில் ஒன்று இடது மரையாக இருக்கும், பலம் கொடுத்து உடைத்துவிடாதீர்கள். ராடு இல்லாமல் நேராக ஷாஃப்டில் மாட்டிய லீவரை ஒரு பல் மட்டும் தள்ளி மாட்டிப் பாருங்கள். இறக்கத்தில் இன்ஜின் பிரேக்குக்காக அடிக்கடி கியர் இறக்குவீர்கள். லீவர் முழுசாக இறங்காவிட்டால் வளைவின் நடுவில் நியூட்ரலில் போய் நிற்கும்.

11. கிளட்ச் கேபிளும் ஆக்சிலேட்டர் கேபிளும்

பல வண்டிகளில் கிளட்ச் வலது பக்கக் கவருக்குள் இருக்கிறது. அதனால் கேபிளின் கீழ் முனை பெண்ட் பைப்புக்குப் பக்கத்தில்தான் முடியும். கேபிள் பைப்பைத் தொட்டால் வெளி உறை உருகி, உள்ளே இருக்கும் கம்பி ஒட்டி இழுக்கும். கிளட்ச் கனமாகிவிட்டது என்று கேபிளுக்கு எண்ணெய் ஊற்றுபவர்கள், முதலில் கீழே குனிந்து அது எங்கே உரசுகிறது என்று பார்க்கலாம். ஒதுக்கிக் கட்டும்போது பிளாஸ்டிக் டை வேண்டாம், அந்தச் சூட்டில் அதுவே உருகும். இரும்பு கிளிப் போடுங்கள்.

கேபிளை ஒதுக்கியதும் பிளே மாறியிருக்கும். ஹீரோ, ஹோண்டா வகை வண்டிகளில் கிளட்ச் லீவர் முனையில் 10 முதல் 20 மி.மீ., ஆக்சிலேட்டர் கைப்பிடியில் 2 முதல் 6 மி.மீ. என்பது வழக்கம். மற்றவற்றுக்குக் கையேடு, அல்லது நீங்கள் எழுதி வைத்த பழைய அளவு. கிளட்சில் பிளேயே இல்லாவிட்டால் பிளேட் வழுக்கும். ஏற்றத்தில் இன்ஜின் கத்தும், வண்டி ஏறாது. அதிகமாக இருந்தால் கியர் சண்டை போடும்.

இப்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஸ்லோவில் ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் இம்மியும் ஏறக்கூடாது. ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. கொண்டை ஊசி வளைவில் ஹேண்டிலை முழுசாக ஒடித்துத் திருப்பும் நேரத்தில் வண்டி தானாக வேகம் எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

12. ஸ்லோ வைப்பது

இன்ஜின் பத்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு, சேலத்தில் வைத்துச் செய்யுங்கள். கார்புரேட்டர் வண்டி ஸ்லோவில் நிற்கவில்லை என்று ஏற்காட்டில் வைத்து ஸ்க்ரூவைத் திருப்புபவர்கள் உண்டு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே காற்றின் அடர்த்தி 10 சதவீதத்துக்கு மேல் குறைவு, அதே பெட்ரோலுக்குக் காற்று பற்றாது. அங்கே வைத்த அளவு கீழே வந்ததும் தப்பாகிவிடும்.

100 முதல் 150 சிசி வண்டிகள் பலவற்றில் ஸ்லோ 1,400 ஆர்.பி.எம். பக்கம் இருக்கும். ஸ்லோவை ஏற்றி வைத்தால் சிக்னலில் நன்றாக நிற்கும், ஆனால் மலை இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வண்டி தள்ளிக்கொண்டே போகும். இன்ஜின் பிரேக் குறையும், அந்தப் பாரம் முழுவதும் நீங்கள் இப்போது சரிசெய்த பின் பிரேக் மேல் விழும்.

கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம், முதலில் கேஸ்கெட் லீக்கைப் பாருங்கள், பிறகு கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட் விஷயத்தை மெக்கானிக்கிடம் விடுங்கள். எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் சீல் வைத்த ஸ்க்ரூ எதையும் தொட வேண்டாம்.

13. ஓட்டிப் பார்ப்பது

முதலில் வீட்டுத் தெருவில். நடக்கும் வேகத்தில் பின் பிரேக்கை மட்டும் பிடித்து நிறுத்திப் பாருங்கள், பிறகு 20, 30 கி.மீ. வேகத்தில். பெடல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடிக்க வேண்டும்.

அதன் பிறகு அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் வரை. கூட்டம் இல்லாத வார நாள் காலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள், தனியாகப் போங்கள். முதல் இரண்டு மூன்று வளைவுகள் மட்டும் ஏறி, திரும்ப அகலமான இடம் பார்த்து, இரண்டாவது கியரில் இறங்குங்கள். பின் பிரேக்கைத் தேவைக்கு மட்டும் தொட்டு விடுங்கள். கீழே வந்ததும் ஓரமாக நிறுத்தி, முன் பின் இரண்டு பிரேக்குக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். அதிகம் பயன்படுத்தாத பின் பிரேக் முன்னதைவிட அனலடித்தால் எங்கோ உரசிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு மேலே போகாமல் வீட்டுக்குத் திரும்பி 7, 8 படிகளைப் பாருங்கள்.

பின் பிரேக் சாதாரணச் சூட்டில் இருந்தால் அடுத்து, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு அதே தூரம் போய் வாருங்கள். பாரத்தோடு பெடல், பைப், ஸ்டாண்ட் எதுவும் இடிக்கும் சத்தம் கேட்கக்கூடாது.

14. ஆறிய பிறகு மறுபடி ஒரு சுற்று

முதல் முறை நன்றாகச் சூடாகி ஆறும்போது கேஸ்கெட் இன்னும் கொஞ்சம் நசுங்கும், நட்டுகள் தளரும். மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஹெட் நட்டு, கிளாம்ப், தாங்கி போல்ட் மூன்றையும் அதே வரிசையில் இறுக்கிப் பாருங்கள். கால் சுற்றாவது ஏறும். பெண்ட் பைப் சேரும் இடத்தில் கரி படிந்த கோடு தெரிந்தால் அங்கே லீக் இருக்கிறது.

பைப் மறுபடி இறுகியதால் ஒரு விரல் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். பிறகு சரிசெய்த எல்லா லாக் நட்டுகளிலும் பழைய வைட்னரைத் துடைத்துவிட்டுப் புதுக் கோடு போடுங்கள். அடுத்த சர்வீஸில் மெக்கானிக் எதைத் தொட்டார், எது தானாகக் கழன்றது என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும்.